வலது கால் பெடல்

எங்கள் வண்டி பின்பக்க பிரேக் பேடைத் தின்றுகொண்டே இருந்தது. அதற்கு எது காரணம், யார் காரணம் என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் என் கணவரின் வலது கால் எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் இப்போது தினமும் பாடுபடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் "அப்ப கால் இருக்குதா இல்லையா?" என்று கேட்கிறவர்களிடம் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. ஏ.டி.வி. என்பார்கள். பைக் மாதிரி ஹேண்டில்பாரும் சீட்டும் இருக்கும், சக்கரம் மட்டும் தடித்த நாலு சக்கரம். என் கணவர் வளைகுடாவில், பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்கள் வந்து தங்கும் முகாம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தார். மணல் மேடுகளில் அந்த வண்டியை முன்னால் ஓட்டிக்கொண்டு போய் வழி காட்டுவதும், பழுதானால் பிரித்து மாட்டுவதும் அவர் வேலை. சர்க்கரை ஏறி உடம்பு தளர்ந்த பிறகு போதும் என்று ஊருக்கே வந்துவிட்டார். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைத்தது தப்பு. புதுச்சேரிப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் பழசாகிக் கிடந்த ஏ.டி.வி.யை வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் இறக்கினார்.

"இதை வெச்சிக்கிட்டு இங்க என்ன பண்றது? ஒட்டகம் ஒண்ணையும் கூட்டியாந்திருக்கலாமே" என்றேன்.

"பாரு, உன் பொம்மைய நோவாம கொண்டுபோயி சேர்க்கறேன்" என்றார்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மைப் பட்டறை வைத்திருப்பவள் நான். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் ஒற்றை ஆளாக நின்று நடத்தியது. மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி எடுக்கும் பீங்கான் பொம்மைகள்: யானை, வாத்து, பழக்கூடை தூக்கிய பெண். அச்சிலிருந்து எடுத்து உலர வைத்த பொம்மையைப் பச்சைப் பொம்மை என்போம். சூளையில் வேகும்வரை அது பொறை ரொட்டிதான், அழுத்திப் பிடித்தால் உதிரும். எங்களிடம் சொந்தச் சூளை கிடையாது. பேட்டையின் மறு கோடியில் இருக்கும் பொதுச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை தள்ளுவண்டியில்தான் கொண்டுபோனோம். போய்ச் சேர்வதற்குள் பாதி யானைக்குத் தும்பிக்கை இருக்காது.

அவர் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வெல்டிங் வைத்தார். அதில் பழைய மெத்தை, மெத்தைமேல் பலகை, பலகைமேல் பொம்மை. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி என்பதால் பேட்டைக்குள் இருக்கும் மண் பாதையோடு சரி. ஆமை மாதிரி ஓட்டுவார். முன் பிரேக்கைத் தொடவே மாட்டார். தொட்டால் வண்டி குனியும், பலகை சறுக்கும். வலது காலால் மிதிக்கிற பின் பிரேக் மட்டும்தான். சும்மா சொல்லக் கூடாது, அவர் ஓட்டிய முதல் மழைக்காலத்தில் எனக்கு ஒரு தும்பிக்கைகூட உடையவில்லை. பேட்டையில் வேறு பட்டறைக்காரர்களும் தங்கள் சரக்கை எங்கள் டிரெய்லரில் ஏற்றினார்கள். இத்தனை வருஷம் ஊருக்கு விருந்தாளியாக வந்து போனவருக்கு இங்கே ஒரு இடம் கிடைத்தது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகுதான் பேட் தேய ஆரம்பித்தது. முதலில் கீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் இரும்பும் இரும்பும் உரசுகிற கர்ர் சத்தம். கழற்றிப் பார்த்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான், பேட் இருந்த இடத்தில் வெறும் தகடு. புதுசு மாட்டினார். அதுவும் சீக்கிரமே போயிற்று. முன் சக்கரத்து பேட் மட்டும் வாங்கினபடி தடிமனாக இருந்தது.

பேட்டை வாசலில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். கம்மாபுரம் பக்கத்து ஆள். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு இங்கே வந்து இரண்டு சக்கர வண்டிக்குக் கடை போட்டவர். அவரை விட என் கணவருக்குத்தான் இந்த வண்டியைப் பற்றி அதிகம் தெரியும், அது இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் இருவரும் தோழர்கள் போலத் தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். டூப்ளிகேட் பேட் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். சென்னையிலிருந்து நல்ல பேட் வரவழைத்தார்கள். அதுவும் தேய்ந்தது. ஒரு பைக்கின் பேடை அரத்தால் ராவி மாட்டிப் பார்த்தார்கள். தேய்ந்தது. அப்புறம் பேட்டையின் தூசுமேல் பழி விழுந்தது. எங்கள் மண்ணில் கலக்கிற வெள்ளைக்கல் மாவு கண்ணாடித் தூள் போன்றது. முன் சக்கரம் வாரி இறைக்கிற சேறு நேராகப் பின் பிரேக்கில் போய் அப்பிக்கொள்கிறது, அதுதான் உப்புத்தாள் மாதிரி அராவுகிறது என்று முடிவு கட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் பிரேக்கைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். சேறு தடுக்க ரப்பர் மடல் ஒன்று வெட்டி மாட்டினார். பிரேக் பிடி இறுகியிருக்கிறதா என்று பிரித்து, உள்ளே ஓடும் கம்பியைத் துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டினார். தேய்வது கொஞ்சம்கூடக் குறையவில்லை.

சூளைக்குப் போகும் வழியில் ஒரு சரிவு உண்டு. ஒருநாள் அங்கே பிரேக் பிடிக்காமல் போய், டிரெய்லர் சூளைக்கூடத்துப் படியில் மோதி நின்றது. அன்று ஏற்றியிருந்தது என் சரக்கு இல்லை, அடுத்த பட்டறைக்காரருடையது. பெரிய மனசுக்காரர், "போனா போவுது பாய்" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து தள்ளுவண்டியை வெளியே எடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். மோதின அன்று என் கணவர்தான் உதிர்ந்த மண்ணைக் கூட்டி அள்ளினார்.

அன்றைக்குத்தான் மெக்கானிக் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. ஓட்டும்போது காலு பெடல்மேலயே இருக்குதோ?"

கணவருக்கு வந்ததே கோபம். "நேத்து வண்டி கத்துக்கிட்டவன்கிட்ட கேக்குற கேள்விய என்கிட்ட கேக்குறீங்களா? மணல் மேட்டுல இறங்கும்போது பிரேக்குல காலை வெச்சா வண்டி கவுந்து மனுசன் செத்துருவான். எத்தனை பேருக்கு நான் அதைச் சொல்லிக் குடுத்திருக்கேன், தெரியுமா?"

"இல்லீங்க பாய், சும்மா கேட்டேன்" என்று மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். பேச்சு அதோடு நின்றது. இருவரும் கொஞ்ச நாள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

எனக்குச் சந்தேகம் விழுந்தது. பிடித்த பிடியை விடாத மனுஷர் அவர். அவர் இல்லை என்று அடித்துச் சொன்னால் ஆமாம் என்று பாதி அர்த்தம். இதை நான் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டேன்.

டிரெய்லருக்குப் பின்னால் ஒருவர் பலகையைப் பிடித்தபடி நடந்து வருவது எங்கள் பட்டறை வழக்கம். அதற்கென்று இருக்கும் அக்கா ஸ்ரீமுஷ்ணத்தில் தேர் பார்க்கப் போயிருந்தார். அன்று காலை நானே நடந்தேன். மார்கழி முடிந்தும் பனி போகாத காலம், வெளிச்சம் மங்கலாக இருந்தது. என் கண்ணுக்கு நேராக வண்டியின் பின்விளக்கு. பிரேக் மிதித்தால் சிவப்பாக எரிகிற விளக்கு. பட்டறை வாசலில் எரிந்தது. திருப்பத்தில் எரிந்தது. மேட்டில் ஏறும்போதும் எரிந்தது. மேடு ஏறுகிறவன் எதற்கு பிரேக் பிடிக்கிறான்?

"நிறுத்துங்க" என்று கத்தினேன். நிறுத்தினார். நான் முன்னால் போய் நின்றேன். பாலைவனத்திலிருந்து கொண்டுவந்த கனத்த ஷூ. அந்த ஷூ பெடல்மேல் முழுசாக உட்கார்ந்திருந்தது.

"பெடல்லேருந்து காலை எடுங்க."

"எங்க வெச்சிருக்கேன்?"

"எடுங்கன்னா."

"எடுத்துட்டேன். அதான் எடுத்துட்டேன்ல?"

ஷூ பெடல்மேலேயே இருந்தது. ஒரு நூல்கூட நகரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து, வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறவளைப் பார்க்கிற பார்வை பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. "குனிஞ்சு பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கிக் காலை எடுத்துக் கீழே வைத்தார். பின்னால் சிவப்பு விளக்கு அணைந்தது.

ஷூவைக் கழற்றச் சொன்னேன். "வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்றார். நானே மண்ணில் உட்கார்ந்து கழற்றினேன். ஷூவின் அடியில் ஒரு பீங்கான் சில்லு ஏறியிருந்தது. வெந்த பீங்கான், கத்தி மாதிரி. பேட்டையில் கால் வைக்கிற இடமெல்லாம் கிடக்கிற சில்லுதான். அது ஷூவைத் துளைத்து, உள்ளே இருந்த தோல் காலுறையைத் துளைத்து, பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் போயிருந்தது. காலுறையை உரித்தபோது வந்த வாடையை எழுத எனக்கு மனசு வரவில்லை. விரல் கறுத்திருந்தது. அவர் அந்தக் காலை யாரோ வழிப்போக்கனுடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

தினமும் தொழுகிற ஆளுக்குக் காலில் புண் இருப்பது எப்படித் தெரியாமல் போகும் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவ வேண்டும். ஆனால் காலையில் கால் கழுவிவிட்டுத் தோல் காலுறை போட்டுக்கொண்டால், அதற்குப் பிறகு வருகிற தொழுகைகளுக்குக் கழற்றத் தேவையில்லை. ஈரக் கையால் காலுறையின் மேல் தடவினால் போதும். மார்க்கம் கொடுத்த சலுகை அது. தண்ணீர் அருமையான பாலைவனத்தில் அவருக்கு அதுவே பழக்கமாகி, இங்கே மணிமுத்தாற்றங்கரை ஊரில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டிலும் அதை விடவில்லை. விடிவதற்கு முன் எழுந்து, தூக்கக் கலக்கத்தில் குனிந்து பார்க்காமல், ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக் கழுவி, காலுறையை மாட்டிவிடுவார். இரவு இருட்டில் கழற்றிப் போட்டுப் படுப்பார். அவர் காலை அவரே பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அவர் கேட்ட முதல் கேள்வி: "காலுறை கிழிஞ்சிருந்தா தடவுறது கூடாதே. ரத்தம் வேற வந்திருக்குது. அப்ப நான் இத்தனை நாள் தொழுத தொழுகையெல்லாம்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அதை அல்லா பாத்துக்குவான். நீங்க உங்க காலைப் பாருங்க" என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர். என் தங்கை வயசுதான் இருக்கும். பொறுமையான பெண். புண்ணைப் பார்த்து முடித்த பிறகு, நைலான் நூல் துண்டு ஒன்றை எடுத்தார்.

"ஐயா, கண்ணை மூடிக்குங்க. நான் கால்ல இந்த நூலால தொடுவேன். தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். டாக்டர் புண்ணை விட்டு விலகி குதிகாலில் நூலை வைத்து அழுத்தினார். நூல் வில்லாக வளைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுப்பாதத்தில் வளைந்தது. சுண்டுவிரலுக்கடியில் வளைந்தது. பிறகு இடது காலிலும் அதே மாதிரி. அவர் கண்ணை மூடியபடி, ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று கவனமாகக் காத்திருந்தார். டாக்டர் நூலைத் தட்டில் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் காப்பாற்றுவது வீட்டு வேலை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். தினமும் பாதத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, வெறுங்காலோடு ஒரு எட்டுகூட எடுத்து வைக்கக் கூடாது. வண்டி ஓட்டவே கூடாது. உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "பெரும்பாலும் திரும்பாதும்மா. திரும்பினா, அப்ப வண்டியைப் பத்திப் பேசிக்கலாம்" என்றார். இரண்டாவதாகச் சொன்னதை மட்டும் என் கணவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இப்போது வண்டியை நான் ஓட்டுகிறேன். கற்றுக்கொள்ள அவ்வளவு கஷ்டமில்லை. பேட்டை ஆண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவர்களுக்கும் வேலை இருந்தது. போன வாரம் மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பாயம்மா, பேடு அப்படியே இருக்குது. இன்னும் ஒரு வருசத்துக்குத் தொட வேணாம்" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேடை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். கைவிரலில் உணர்ச்சி இருக்கிறது, அல்லாவுக்குப் புகழ். தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பின் பிரேக்கைக் கையிக்கு மாத்திட முடியாதா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார். "கேபிள் போட்டு இடது கைப்பிடியில குடுத்துட்டா, காலுக்கு வேலையே கிடையாதே."

"முடியும் பாய்" என்றவர் என்னைப் பார்த்தார்.

"எஞ்சின் சூடு காலுக்குப் பக்கத்துலதான் இருக்குது" என்றேன். "வெந்தா தெரியுமா உங்களுக்கு?"

இரக்கமில்லாமல்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விரல் போனதைக்கூட அவர் ஏற்றுக்கொண்டார். வண்டி போகும்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. நான் சரிவில் இறங்கும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்க்கிறார் என்று பட்டறை அக்கா சொல்கிறார். எனக்கு அவரை வண்டியில் ஏற்றிவிட ஆசையில்லையா? இருக்கிறது. அந்த ஒரு கால் இருக்கும்வரை அவர் நடந்து பள்ளிவாசலுக்குப் போவார், அது எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிசு.

நேற்று அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்ததும் வழக்கம்போல ஸ்டூலில் அவர் காலைத் தூக்கி வைத்து, லைட்டைப் போட்டு, அடிப்பாதத்துக்குக் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். புண் இல்லை. துடைத்தேன். அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். தூண்டில் நைலான். கடைத்தெருவில் யாரையோ அனுப்பி வாங்கியிருக்கிறார்.

"ரெண்டு மூணு நாளா காலு குறுகுறுன்னு இருக்குது. உணர்ச்சி வருதுன்னு நினைக்கிறேன். டாக்டரம்மா மாதிரி வெச்சுப் பாரு. தெரிஞ்சா நாளைக்கே போயி கேட்டுட்டு வந்துடலாம்."

"கண்ணைத் தொறந்துக்கிட்டா?"

"மூடிக்கிறேன், மூடிக்கிறேன்."

மூடினார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பரீட்சை எழுதப் போகிறவரைப் போல மூச்சை இழுத்துப் பிடித்தார். சுருண்டு கிடந்த நூலை நான் என் மடியில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அது நிமிரவில்லை, திரும்பத் திரும்பச் சுருண்டது.

"தெரியுது" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"தெரியுது. இப்ப நல்லாவே தெரியுது" என்றார். நூல் என் மடியில் இருந்தது. நான் இன்னும் குனியவே இல்லை.